ரேமைக் கூட்டியதாகச் சொல்லி 280 வெள்ளி வாங்கிவிட்டார்கள்: பழைய கணினி வைத்திருப்போர் கவனத்திற்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய மடிக்கணினியை வைத்துச் சமாளிக்கும் குடும்பங்கள் பல. அவர்களில் இன்னொருவரும் எங்களைப்போல் ஏமாறக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

எஸ்.பி.எம். தேர்வுக்குத் தயாராகும் என் மகளின் கணினியில் இருப்பது 4 ஜிபி ரேமும் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கும்தான். பிரௌசரையும் வேர்டையும் சேர்த்துத் திறந்தாலே அது திணறும் என்பதால் பட்டணத்துக் கடை ஒன்றில் கொடுத்தோம். மறுநாள் கடைக்காரர், கணினியின் நிலையைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 19.9 என்ற எண்ணின்மேல் விரலை வைத்து, "பாருங்கக்கா, இப்ப இருபது ஜிபி மெமரி" என்றார். நம்பி 280 வெள்ளி கொடுத்தேன்.

வேகம் துளியும் கூடவில்லை. அதோடு சி டிரைவில் 16 ஜிபி இடம் காணாமற்போய், விண்டோஸ் அப்டேட்கூட இறங்க மறுத்தது. சந்தேகப்பட்டு அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பார்த்தபோது, மேல் மூலையில் 4.0 ஜிபி என்றே இருந்தது. ரேம் செருகும் இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருப்பதாகவும் காட்டியது. கடைக்காரர் காட்டிய 19.9 என்பது 'கமிட்டெட்' என்ற வரியில் இருந்த எண். அது ரேமையும், ரேமுக்குத் துணையாக ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலையும் கூட்டிய தொகை. என் அக்கா மகன் பின்மூடியைக் கழற்றினான். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தது; அதன் பள்ளத்தில் படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை. பேஜ் ஃபைலின் அளவைக் குறிக்கும் விர்ச்சுவல் மெமரி அமைப்பில் தொடக்க அளவு, உச்ச அளவு இரண்டிலும் 16384 (மெகாபைட், அதாவது 16 ஜிபி) என்று தட்டியிருந்தார்கள். அவர்கள் செய்த வேலை அவ்வளவுதான்.

ரேம் நிறையும்போது, உடனடியாகத் தேவைப்படாதவற்றை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றி வைக்கிறது. புரோகிராம்கள் பாதியில் மூடிக்கொள்ளாமல் இருக்க அது உதவும்; ஆனால் ரேமின் வேகம் அதற்கு வராது. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு நொடியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு நேரம் போதும் என்றால், சுழலும் டிஸ்க்குக்கு நூறில் ஒரு பங்கு தேவைப்படும். வேறுபாடு இலட்சம் மடங்கு. பேஜ் ஃபைலை யாராவது மிகச் சிறியதாக வைத்திருந்து, மெமரி போதவில்லை என்ற அறிவிப்பு வந்தால் மட்டுமே அதைப் பெரிதாக்குவதில் பயன் உண்டு, அதுவும் இரண்டு நிமிட வேலை. அதை அறவே நிறுத்திவிடச் சொல்வோரும் உண்டு. 4 ஜிபி கணினியில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சேமிக்காத பாடமெல்லாம் போய்விடும்.

பேஜ் ஃபைலின் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி, அதே விர்ச்சுவல் மெமரி அமைப்பில் மேலே உள்ள கட்டத்தில் மீண்டும் டிக் செய்து, கணினியை மறுபடி தொடங்கியதும் இடம் திரும்பக் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. பற்றுச்சீட்டில் "மெமரி அப்கிரேட்" என்று மட்டும் எழுதியிருப்பதைக் காட்டி, சொன்ன வேலையைச் செய்துவிட்டதாகக் கடைக்காரர் சாதிக்கிறார். ஆகவே பணம் கொடுக்கும் முன் எத்தனை ஜிபி ரேம், எந்த நிறுவனத்துடையது என்று எழுதி வாங்குங்கள். மெமரி பக்கத்தின் மேல் மூலையைக் கடையிலேயே பாருங்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவுசெய்ய 5 வெள்ளிதான் கட்டணம்; வழக்கறிஞர் தேவையில்லை. காலி ஸ்லாட்டின் படத்தையும் பற்றுச்சீட்டையும் இணைத்து எங்கள் மனுவைக் கொடுத்துவிட்டோம். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.