ஃபோக்ட்லேண்டர் விட்டோ பி: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் தயாரித்து 1954இல் விற்பனைக்கு வந்த விட்டோ பி கேமராவை நான் ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பழம்பொருள் சந்தை ஒன்றில், பழுதானது என்று எழுதிய சீட்டுடன் அது கிடைத்தது. ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை எத்தனை முறை இழுத்தாலும், ஒளியைக் கணநேரம் உள்ளே விடும் திரையான ஷட்டர் இயங்கவில்லை. ஆனால் அதில் பழுதே இல்லை. ஃபிலிமின் ஓரத் துளைகளில் பதிந்து சுழலும் பற்சக்கரம்தான் இந்தக் கேமராவின் ஷட்டரை முடுக்கி வைக்கிறது என்பதால், ஃபிலிம் போடாமல் சோதிப்பவருக்கு அது செத்துப்போன கேமராவாகவே தோன்றும். பின்கதவைத் திறந்து அந்தச் சக்கரத்தை விரலால் உருட்டியதும் ஷட்டர் ஒலித்தது. வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

உடல் முழுவதும் உலோகம். கையில் அடங்கும், ஆனால் அளவுக்கு மிஞ்சிய கனம். என்னுடையது சிறிய வியூஃபைண்டர் (காட்சியைப் பார்த்துச் சட்டமிடும் கண்ணாடிச் சாளரம்) கொண்ட தொடக்க கால வகை என்பதால், கண்ணாடி அணிந்த எனக்குச் சட்டத்தின் ஓரங்கள் முழுதாகத் தெரிவதில்லை. பின்னர் வந்த பெரிய வியூஃபைண்டர் வகையையே மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

ஜெர்மனியின் கால்ம்பாக்கில் செய்யப்பட்ட பிரான்டார் எஸ்விஎஸ் ஷட்டர் ஒரு நொடியிலிருந்து 1/300 நொடி வரை இயங்குகிறது. மெதுவான வேகங்கள் தொடக்கத்தில் இழுத்து இழுத்து நின்றன. ஒருமுறை சுத்தம் செய்த பிறகு தொல்லை இல்லை.

இதன் உண்மையான செல்வம் 50 மி.மீ. கலர்-ஸ்கோபார் எஃப்/3.5 லென்ஸ்தான். (எஃப் எண் லென்ஸின் ஒளித்துளையைக் குறிக்கும்; எண் கூடக் கூடத் துளை சிறிதாகி, தெளிவாக விழும் தூர எல்லை விரியும்.) நான்கே கண்ணாடிகள் கொண்ட அது, எஃப்/8இல் மரப்பட்டையின் வெடிப்புகளைக்கூடத் தெளிவாகக் காட்டும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. ஆனால் தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாததால் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டே லென்ஸின் தூர வளையத்தைத் திருப்ப வேண்டும். என் முதல் சுருள்களில் முகங்கள் மங்கி, பின்னாலிருந்த சுவர்கள் துல்லியமாக விழுந்தன. குறை லென்ஸில் இல்லை, நான் தூரத்தை எப்போதும் கூடுதலாகவே கணித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. இப்போது வெளியில் செல்லும்போது எஃப்/8 வைத்து வளையத்தை 10 மீட்டரில் நிறுத்திவிடுகிறேன். ஏறத்தாழ 5 மீட்டருக்கு அப்பாலுள்ள அனைத்தும் ஏற்கத்தக்க தெளிவில் அமைந்துவிடுகின்றன. ஒளியை அளக்கும் லைட் மீட்டரும் இல்லை என்றாலும், நல்ல வெயிலில் 100 ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) ஃபிலிமுக்கு எஃப்/16, 1/100 நொடி என்ற பழைய கணக்கு என்னைக் கைவிட்டதில்லை.

அருகில் எடுக்கும் முகப்படங்களுக்கு மட்டும் அந்தத் தளர்வு கிடையாது. ஒரு மீட்டரில், எஃப்/3.5இல், தெளிவின் ஆழம் எட்டு சென்டிமீட்டர் அளவே என்பதால், சரியாக ஒரு மீட்டரில் முடிச்சிட்ட நூல் ஒன்றைத் தோலுறைக்குள் வைத்திருக்கிறேன். அதன் முனையை நான் கேமராவில் பிடிக்க, எதிரே அமர்பவர் முடிச்சைக் கன்னத்தருகே பிடித்துக் காட்டிவிட்டுக் கையை இறக்கியதும், அசையாமல் பொத்தானை அழுத்துகிறேன்.