லினக்ஸில் டிரேடிங் சாப்ட்வேர் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

சென்னை ரிச்சி தெருவில் எல்லாக் கம்ப்யூட்டர் கடைகளையும் குறை சொல்லவில்லை. அங்கே நேர்மையாக வேலை செய்பவர்களிடம் பல வருடமாகப் பொருள் வாங்குகிறேன். ஆனால் ஒரு கடை எனக்குச் செய்த வேலை இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, உபுண்டு என்ற லினக்ஸ் இருக்கிறது. பங்கு விலையைப் பார்க்க எனக்கு வேண்டிய சார்ட் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது. "வைன் போட்டு ஓட வச்சிடலாம் சார், ஒரிஜினல் லைசென்ஸோட 6,500 ரூபாய்" என்றார் கடைக்காரர். விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் இலவசம், பணம் சார்ட் மென்பொருளின் லைசென்ஸுக்கும் கூலிக்கும்தான் என்பதால் சம்மதித்தேன். வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை 9:15-க்குச் சந்தை திறந்தது. சார்ட் சிறிது நேரம் ஓடிவிட்டு, விலை அப்படியே நின்றுவிட்டது. போன் செய்தால், "உங்க நெட் ஸ்லோ சார்." லைசென்ஸ் விவரத்தைத் திறந்து பார்த்தேன்: முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் பெயர். போட்டுவிட்டுப் போனது கிராக் செய்த, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அப்புறம் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே தானாகக் கிளம்பும், வெளியிலிருந்தே என் கம்ப்யூட்டரை இயக்கவிடும் ரிமோட் ஆக்சஸ் புரோகிராம் ஒன்று இருந்தது. நான் அனுமதி தராமலே உள்ளே வருவதற்கு பாஸ்வேர்டும் வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "சர்வீஸுக்கு வசதியா இருக்கும்னு போட்டோம்" என்று பதில்.

வந்த பையன் இன்னொன்றும் கேட்டான். டேட்டா இணைக்க வேண்டும், புரோக்கர் கணக்கின் டிஓடிபி (லாகினுக்குப் போன் ஆப்பில் மாறி மாறி வரும் எண்) கியூஆர் கோடைக் காட்டுங்கள் என்று போனை நீட்டினான். நான் காட்டவில்லை. அதைப் படம் பிடித்தால், 30 விநாடிக்கு ஒருமுறை என் போனில் மாறும் அதே ஆறு இலக்க எண் அவன் போனிலும் வரும். பாஸ்வேர்டும் கிடைத்துவிட்டால் கணக்கே அவன் கையில். தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள்.

லினக்ஸில் வைரஸ் வராது என்ற தைரியத்தை இவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வைன் வழக்கமாக நம் முழு கோப்புகளையும் இசட் டிரைவ் என்று விண்டோஸ் புரோகிராமுக்குக் காட்டும். கிராக் காப்பிக்குள் திருட்டு நிரல் இருந்தால், நாம் திறக்கக்கூடிய பான் கார்டு ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் அதுவும் படிக்கும். இசட் டிரைவை எடுத்துவிட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

நெட் இணைப்பைத் துண்டித்து, டிஸ்க்கை அழித்து உபுண்டுவை மறுபடி போட்டேன். போனிலிருந்து புரோக்கர் பாஸ்வேர்டை மாற்றி, டிஓடிபியைப் புதிதாக எடுத்தேன். சந்தேகம் இருந்தால் டிரேடிங் கணக்கின் ஆன்லைன் அணுகலை முடக்கும்படி புரோக்கரிடம் கேட்கலாம். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் உத்தரவுப்படி 2024 ஜூலை முதல் அந்த வசதி உண்டு. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

கடை இதுவரை பில் தரவில்லை. யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஆர்டர் போட மட்டும் என்றால் புரோக்கரின் இணையதளம் ஃபயர்பாக்ஸிலேயே ஓடும். சார்ட் பார்க்க டிரேடிங்வியூவுக்கு லினக்ஸ் ஆப் இருக்கிறது. விண்டோஸ் மென்பொருள்தான் வேண்டும் என்றால் லைசென்ஸை அதைத் தயாரித்த நிறுவனத்திடமே உங்கள் பெயரில் வாங்குங்கள். நிறுவ வருபவரிடம் கூலி மட்டும் கொடுத்தால் போதும்.