டிசார் ஹெடர்: பழைய சி நிரலில் விட்டுவைக்கலாமா, புதியதில் சேர்க்கலாமா?

மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி கம்பைலரோடு வரும் டிசார்.ஹெச் ஹெடரை இன்றைக்கும் பலர் நிரலின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். ஒரே மூல நிரலைக் குறுகிய எழுத்து வகைக்கும் (சார், ஓர் அலகு 1 பைட்) அகல எழுத்து வகைக்கும் (டபிள்யூசார்-டி, விண்டோஸில் ஓர் அலகு 2 பைட்) கம்பைல் செய்யலாம் என்பதற்காகத்தான் அது உருவானது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: புதிய நிரலுக்கு இது வேண்டாம். பழைய நிரலில் இருந்தால் பதறிப்போய்ப் பிடுங்கவும் வேண்டாம். எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

உள்ளே இருப்பவை பெரும்பாலும் மேக்ரோக்கள், அதாவது கம்பைலுக்கு முன்பே வேறொன்றாக விரியும் பெயர்கள். அடிக்கோட்டில் தொடங்கும் யூனிகோட் மேக்ரோவை வரையறுத்திருந்தால் டிசார் என்பது டபிள்யூசார்-டி ஆகிவிடும். இல்லையென்றால் சாதாரண சார். ஸ்ட்ரிங்கைச் சுற்றி எழுதும் ‘டி’ மேக்ரோ, முன்னால் ‘எல்’ எழுத்தை ஒட்டும் அல்லது ஒட்டாது. டிசிஎஸ்லென் என்று எழுதினால் டபிள்யூசிஎஸ்லென் அல்லது எஸ்டிஆர்லென் ஆக விரியும். டிஃபோப்பன், டிபிரின்ட்எஃப், டிமெயின் எல்லாம் இதே வழிதான்.

இது வந்த காலத்துக்கு நல்ல ஏற்பாடுதான். 1993இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 உள்ளுக்குள் 16 பிட் யூனிகோடில் இயங்கியது. விண்டோஸ் 95, 98, எம்இ வரிசையிலோ பெரும்பாலும் குறுகிய எழுத்து ஃபங்ஷன்கள்தான் வேலை செய்தன. ஒரே நிரலை இரண்டு குடும்பங்களுக்கும் விற்க வேண்டியவர்களுக்கு டிசார் கை கொடுத்தது. விண்டோஸ் 98க்கும் எம்இக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2006 ஜூலை 11 அன்று முடிந்துவிட்டது. அன்றே இந்த ஹெடரின் தேவையும் தீர்ந்தது. ஆனால் பாடப்புத்தகங்களிலும் மாதிரி நிரல்களிலும் அது அப்படியே தங்கிவிட்டது.

முதலில் சறுக்கும் இடம் மேக்ரோ பெயர். அடிக்கோடு இல்லாத யூனிகோட், விண்டோஸ்.ஹெச் குடும்பத்துக்கு. அடிக்கோடு உள்ளது, சி லைப்ரரிக்கு. ஒன்றை மட்டும் வரையறுத்தால் கிரியேட்ஃபைல் அகலத்தை எதிர்பார்க்கும், டிசிஎஸ்லென் குறுகியதை எதிர்பார்க்கும். கம்பைலர் எச்சரிக்கும், ஆனால் விஷுவல் சியில் சி நிரலுக்கு அது எச்சரிக்கையோடு நின்றுவிடும். இடையில் ஒரு காஸ்ட் (வகையை வலிந்து மாற்றுவது) போட்டிருந்தால் அந்த எச்சரிக்கையும் வராது. எல்லா ஃபைலும் சேர்க்கும் பொது ஹெடரில், ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் கம்பைல் நிற்கும்படி ஒரு எரர் வரி எழுதிவையுங்கள். மூன்றே வரி வேலை. விண்டோஸுக்கான ஜிசிசியான மிங்கியூ கம்பைலரில் டிமெயின் வைத்து லிங்க் செய்யும்போது எம்-யூனிகோட் என்ற ஆப்ஷனையும் தர வேண்டும். இல்லாவிட்டால் வின்மெயின் கிடைக்கவில்லை என்று லிங்கர் சொல்லும்.

குறுகிய பில்ட் தமிழுக்கு உதவவே உதவாது. விண்டோஸில் தமிழுக்கு என்று ஆன்சி கோட்பேஜ், அதாவது குறுகிய எழுத்துகளுக்கான குறியீட்டு அட்டவணை, கிடையாது. தமிழ் லொகேல் (மொழி, வட்டார அமைப்பு) யூனிகோட் மட்டுமே கொண்டது. ‘தமிழ்’ என்று பெயர் வைத்த ஃபைலை, ஆன்சி பில்டில், அதாவது குறுகிய பில்டில், ஃபைண்ட்-ஃபர்ஸ்ட்-ஃபைல் வழியாகத் தேடினால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள் திரும்பி வரும். அந்தப் பெயரை அப்படியே ஃபோப்பனுக்குக் கொடுத்தால் ஃபைல் திறக்காது, ஏனென்றால் விண்டோஸ் ஃபைல் பெயரில் கேள்விக்குறிக்கு இடமே இல்லை. ஆக டிசார் தருவதாகச் சொல்லும் இரண்டு பில்டுகளில் ஒன்று நமக்கு முதல் நாளிலிருந்தே பயனற்றது. விஷுவல் ஸ்டுடியோ 2005 முதல் புதிய ப்ராஜெக்டுகள் யூனிகோடாகவே தொடங்குகின்றன. குறுகிய பில்டை யாரும் சோதித்துப் பார்ப்பதும் இல்லை. சோதிக்காத பில்ட் உடைந்துதான் கிடக்கும்.

அடுத்தது அளவு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேக்ஸ்பாத் அளவில், அதாவது 260 இடங்களோடு, ஒரு டிசார் பஃபர் எடுக்கிறோம். கெட்-மாட்யூல்-ஃபைல்நேம் ஃபங்ஷனுக்கு நீளம் சொல்லும் இடத்தில் பழக்க தோஷத்தில் சைஸ்ஆஃப் பஃபர் என்று எழுதிவிடுகிறோம். குறுகிய பில்டில் அது 260, எல்லாம் சரி. அகல பில்டில் சைஸ்ஆஃப் 520 தரும், ஆனால் ஃபங்ஷன் எதிர்பார்ப்பது பைட் கணக்கை அல்ல, எழுத்தலகுக் கணக்கை. இருக்கும் 260 இடத்தில் 520 இடம் இருப்பதாக நாமே பொய் சொல்லிவிட்டோம். நீளமான பாத் வந்த அன்று ஸ்டாக் கெடும், அதுவரை ஒன்றும் தெரியாது. இங்கே கவுண்ட்ஆஃப் மேக்ரோவைப் பயன்படுத்த வேண்டும். அது அர்ரேக்கு மட்டும்தான் பொருந்தும், பாயிண்டருக்கு அல்ல. மாலாக்கில் நேர்மாறான தவறு நடக்கும்: நீளத்தோடு ஒன்றைக் கூட்டியதும், சைஸ்ஆஃப் டிசாரால் பெருக்க மறந்துபோகும். ரிஜிஸ்ட்ரியில் எழுதும் ரெக்-செட்-வேல்யூ-இஎக்ஸ், ஃபைலில் எழுதும் ரைட்ஃபைல் ஆகியவை பைட் கணக்கில்தான் வாங்கும். எந்த ஃபங்ஷன் எதை எண்ணுகிறது என்பதை டிசார் மறைத்துவிடுகிறது. இந்த ஹெடர்மேல் எங்களுக்குள்ள பெரிய குறை இதுதான்.

பிரின்ட்எஃப் கதை லினக்ஸுக்குக் கொண்டுபோகும்போது வெளிப்படும். மைக்ரோசாஃப்ட் லைப்ரரியில் வழக்கமாக டபிள்யூபிரின்ட்எஃப்புக்குள் %எஸ் என்றால் அகல ஸ்ட்ரிங். டிபிரின்ட்எஃப் வேலை செய்வதே இதை நம்பித்தான். ஐஎஸ்ஓ சி தரப்படி %எஸ் எந்த ஃபங்ஷனிலும் குறுகிய ஸ்ட்ரிங்தான். லினக்ஸில் அகல ஸ்ட்ரிங்கை %எஸ்ஸுக்குக் கொடுத்தால், ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்து மட்டும் அச்சாகும். அங்கே ஓர் அகல எழுத்து 4 பைட். முதல் பைட்டில் எழுத்து, அடுத்த மூன்றும் பூஜ்யம். பூஜ்யத்தைக் கண்டதும் ஸ்ட்ரிங் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்று கொடுத்தால் அதுவும் வராது. முதல் பைட் யுடிஎஃப்-8இல் (யூனிகோடை 1 முதல் 4 பைட்டுகளாக எழுதும் முறை) எழுத்தைத் தொடங்கத் தகுதியற்ற பைட் என்பதால் ஃபங்ஷன் கழித்தல் 1 திருப்பித் தந்து நின்றுவிடும். இரண்டு பக்கமும் ஒரே பொருள் தருவது %எல்எஸ் ஒன்றுதான்: எங்கே எழுதினாலும் அகலம்.

லினக்ஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டிடி-அவுட்டில் முதலில் டபிள்யூபிரின்ட்எஃப் அழைத்துவிட்டால் அந்த ஸ்ட்ரீம் அகலமாகிவிடும். பிறகு சாதாரண பிரின்ட்எஃப் எதையும் அச்சிடாது. ரிட்டர்ன் வேல்யூவைப் பார்க்கும் வழக்கம் இல்லாதவர்கள் காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் தேடுவார்கள். நிரலின் தொடக்கத்தில் செட்லொகேலை வெற்று ஸ்ட்ரிங்கோடு அழைக்கவில்லை என்றாலும் தமிழ் சரியாக வராது.

சரி, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் அகல வகையையே வைத்துக்கொண்டால் போதாதா? போதாது. ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். படிப்பவர் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோட் எண்கள் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8இல் 15 பைட். விண்டோஸ் அகல வகையில் 10 பைட், லினக்ஸிலும் மேக்கிலும் 20 பைட். அகல வகைக்கு மாறியதால் எழுத்தெண்ணிக்கை சரியாகக் கிடைத்துவிடவில்லை. நான்காம் அலகோடு வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ என்று நிற்கும். ‘கொ’ இன்னும் சிக்கல்: ஒற்றைக் குறியாக வந்தால் 2 எண், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் 3 எண். திரையில் இரண்டும் ஒன்றே. டபிள்யூசிஎஸ்-கம்ப் இரண்டும் வேறு என்கும். ஒப்பிடுவதற்கு முன் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப்பட்டவற்றை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றியே ஆக வேண்டும்.

2019இல் வந்த யூனிகோட் 12.0 தமிழ்ப் பின்னங்களுக்கும் பழைய குறிகளுக்கும் தனித் தொகுதி ஒன்றைச் சேர்த்தது. அதிலுள்ள முந்திரிக் குறி, அதாவது 320இல் ஒரு பங்கு, முதல் 65,536 எண்களுக்கு வெளியே இருக்கிறது. லினக்ஸில் அது ஓர் அகல எழுத்து. விண்டோஸில் சரோகேட் ஜோடி, அதாவது 2 அலகு. ஓர் அலகு ஓர் எழுத்து என்று நம்பி எழுதிய லூப்புகள் பழைய கணக்கு ஆவணங்களைத் தொட்ட உடனே தடுமாறும். டபிள்யூசார்-டியை ஃபைலிலோ நெட்வொர்க்கிலோ அப்படியே எழுதவே கூடாது என்பதற்கும் இந்த அளவு வேறுபாடுதான் காரணம்.

சி11 தந்த சார்16-டி, சார்32-டி வகைகளின் அகலம் தளத்துக்குத் தளம் இப்படி மாறாது. ஆனால் அவற்றுக்கான லைப்ரரி ஃபங்ஷன்கள் மிகக் குறைவு. மேக்கில் யூசார்.ஹெச் நீண்ட காலம் இல்லாமலே இருந்தது. சி23 கொண்டுவந்த சார்8-டி, அன்சைன்ட் சாரின் இன்னொரு பெயர்தான்.

நாங்கள் பரிந்துரைப்பது ஒரே ஏற்பாடு. நிரலுக்குள் எல்லாமே சாதாரண சார், எல்லாமே யுடிஎஃப்-8. விண்டோஸை அழைக்கும் வாசலில் மட்டும் அகலத்துக்கு மாற்ற வேண்டும். தரவுத்தள லைப்ரரியான எஸ்க்யூலைட்டின் சி இடைமுகமும் விண்டோஸில் ஃபைல் பெயரை யுடிஎஃப்-8 ஆகத்தான் வாங்குகிறது.

இதற்கு இரண்டு சிறு ஃபங்ஷன்கள் போதும். முதலாவது மல்டிபைட்-டு-வைட்சாரை இரண்டு முறை அழைக்கும். முதல் முறை வெளியீட்டு பஃபர் நல், அளவு 0, உள்ளீட்டு நீளம் கழித்தல் 1. தேவையான அலகுகளின் எண்ணிக்கை, இறுதிப் பூஜ்யத்தையும் சேர்த்து, கிடைக்கும். அதை சைஸ்ஆஃப் டபிள்யூசார்-டியால் பெருக்கி மாலாக் செய்து, மறுபடி அழைத்து நிரப்ப வேண்டும். கோட்பேஜ் 65001, அதாவது யுடிஎஃப்-8. தவறான பைட் வந்தால் பிழை தரும் ஃபிளாகைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் கெட்டுப்போன ஸ்ட்ரிங் மாற்றுக்குறியோடு சத்தமில்லாமல் உள்ளே வரும். இரண்டாவது ஃபங்ஷன் வைட்சார்-டு-மல்டிபைட் வழியாகத் திரும்பி வருவது. யுடிஎஃப்-8க்கு மாற்றும்போது அதன் கடைசி இரண்டு ஆர்குமென்டுகளும் நல்லாகவே இருக்க வேண்டும். வேறெதைக் கொடுத்தாலும் ஃபங்ஷன் தோற்கும்.

பிறகு கிரியேட்ஃபைல் என்று எழுதாமல் அதன் அகல வடிவமான கிரியேட்ஃபைல்-டபிள்யூ என்றே எழுதுங்கள். எந்த மேக்ரோ இருந்தாலும் பொருள் மாறாது. கட்டளை வரி ஆர்குமென்டுகளை டபிள்யூமெயினில் வாங்கி உடனே யுடிஎஃப்-8 ஆக்கிவிடுங்கள். கெட்-ப்ராக்-அட்ரஸ் மட்டும் விதிவிலக்கு: அதற்கு அகல வடிவமே கிடையாது, டி மேக்ரோவுக்குள் பெயரைக் கொடுத்தால் அகல பில்டில் வகை பொருந்தாது. கன்சோலுக்கு செட்-கன்சோல்-அவுட்புட்-சிபி, 65001.

குறுகிய சாரில் யுடிஎஃப்-8 வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 224. சார் சைன்ட் ஆக இருக்கும் கம்பைலரில் அது கழித்தல் 32. அதை நேராக இஸ்-ஆல்ஃபாவுக்குக் கொடுத்தால் விஷுவல் சி டீபக் பில்ட் அசெர்ட்டில் நிற்கும். மற்ற இடங்களில் டேபிளுக்கு வெளியே படிக்கக்கூடும். அன்சைன்ட் சாருக்கு காஸ்ட் செய்த பிறகே கொடுங்கள். ஸ்ட்ரிங்கை வெட்டும்போது வெட்டும் இடத்தில் உள்ள பைட் 128க்கும் 191க்கும் இடையில் இருக்கும்வரை பின்னோக்கி நகருங்கள். எண் நடுவில் உடையாது. எழுத்தே உடையக் கூடாது என்றால், அதாவது ‘ழ்’ புள்ளியை இழக்கக் கூடாது என்றால், யுடிஎஃப்8ப்ராக் லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சி மொழியில் எழுதிய சிறிய லைப்ரரி, தாராளமான உரிமம். ஜூலியா மொழிக்காரர்கள் பராமரிக்கிறார்கள். என்எஃப்சி மாற்றமும் எழுத்து எல்லை காண்பதும் அதில் உண்டு.

விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து குறுக்குவழி ஒன்று இருக்கிறது. நிரலோடு வரும் அமைப்பு விவரமான மேனிஃபெஸ்டில் ஆக்டிவ்-கோட்பேஜ் யுடிஎஃப்-8 என்று எழுதினால் ஏ வகை (பெயர் ஏ என்று முடியும் குறுகிய) ஃபங்ஷன்களே யுடிஎஃப்-8ஐ ஏற்கும். சிறு கருவிகளுக்கு நல்லதுதான். பழைய பதிப்புகள் அதைக் கண்டுகொள்ளாது என்பதால் தொடக்கத்திலேயே, நடப்பு ஆன்சி கோட்பேஜைச் சொல்லும் கெட்-ஏசிபி 65001 தருகிறதா என்று பாருங்கள். விண்டோஸின் வரைகலை இடைமுகமான ஜிடிஐ வழியாக எழுத்து வரையும் நிரலுக்கு இது பொருந்தாது. ஃபைல் தேடும் ஏ வகை ஸ்ட்ரக்ட்டில் பெயருக்கு 260 பைட்தான் இடம். தமிழில் எண்ணுக்கு 3 பைட் வீதம் 86 எண்ணோடு அது நிரம்பிவிடும். விண்டோஸோ 255 அலகு வரை பெயர் வைக்க விடுகிறது. நீளமான தமிழ்த் தலைப்புகளை ஃபைல் பெயராக வைப்பவர்களுக்கு இது நிஜமான தொல்லை.

பழைய நிரலிலிருந்து டிசாரை எடுப்பதற்கு முன் இரண்டு யூனிகோட் மேக்ரோக்களையும் நிரந்தரமாக்கிவிடுங்கள். பிறகு ஃபைல் ஃபைலாக டிசாரை டபிள்யூசார்-டி ஆகவும், டி மேக்ரோவை எல் முன்னொட்டாகவும், டிசிஎஸ் என்று தொடங்குபவற்றை டபிள்யூசிஎஸ் ஆகவும், அழைப்புகளை டபிள்யூ வடிவமாகவும் மாற்றுங்கள். டிசார் மட்டும் மேக்ரோ அல்ல, டைப்டெஃப்; மற்றவை மேக்ரோ விரிந்த பிறகு ஒன்றே என்பதால், ப்ரீப்ராசஸர் வெளியீட்டை (மேக்ரோக்கள் விரிந்த நிரலை) மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து, இடைவெளிகளையும் டிசார் பெயர் மாற்றத்தையும் விட்டுவிட்டு ஒப்பிட்டால் போதும். இவை தவிர வேறு வித்தியாசம் தெரிந்தால் அந்த வரியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே சைஸ்ஆஃப் தவறு ஒன்றும் பக்கத்திலேயே இருக்கும். விண்டோஸில் மட்டும் ஓடும் ஜன்னல் நிரல் என்றால் இந்த நிலையிலேயே நிறுத்திக்கொள்ளலாம். லினக்ஸுக்கும் போக வேண்டியதென்றால் அதன்பிறகுதான் உட்பகுதியை யுடிஎஃப்-8க்கு மாற்றத் தொடங்க வேண்டும். இரண்டு மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலக்காதீர்கள். பிழை வந்தால் எது காரணம் என்று பிரித்துப் பார்க்க முடியாது.