15 ஆண்டு முடிந்த என் பிபிஎஃப் கணக்கு

தரமணியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான என் அக்கா மகன், சென்ற ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூர் வீட்டுக்கு வந்தபோது, “மாமா, பிபிஎஃப் கணக்கு தொடங்கட்டுமா, மாதாமாதம் எஸ்ஐபி கட்டினால் போதுமா?” என்று கேட்டான். பிபிஎஃப் என்பது அரசின் 15 ஆண்டு சேமிப்புத் திட்டமான பொது வருங்கால வைப்பு நிதி; எஸ்ஐபி என்பது மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் தவணை முதலீடு. அவனுக்கு அன்று என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. முதிர்ந்த என் கணக்கை நீட்டிப்பதற்காக வங்கிக் கிளைக்கு மூன்று முறை நடந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவன் கேட்டதற்கு எழுத்திலாவது நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வட்டி, வரிவிலக்கு, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என்ற உச்சவரம்பு எல்லாம் அனைவரும் அறிந்தவை. எனக்குச் சொல்ல இருப்பது இந்தக் கணக்கின் தேதிகளைப் பற்றி.

கணக்கைத் தொடங்கியது 2010 பிப்ரவரியில், ஐயாயிரம் ரூபாயுடன். ஏப்ரலில் சம்பள உயர்வு வந்த பிறகு தொடங்கிக்கொள்கிறேன் என்று நான் தயங்கியபோது, ஓய்வுபெறும் வயதில் இருந்த வங்கி எழுத்தர் ஒருவர், மார்ச் 31க்குள் தொடங்கிவிடுங்கள் என்று வற்புறுத்தினார். 15 ஆண்டு என்பதைக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகே எண்ணத் தொடங்குகிறார்கள். அதனால் பிப்ரவரியில் தொடங்கிய என் கணக்கு 2025 ஏப்ரல் 1 அன்று முதிர்ந்தது. ஏப்ரல் வரை காத்திருந்தால் அதற்கு இன்னும் ஓராண்டு ஆகியிருக்கும். பெயர்கூடத் தெரியாத அந்த மனிதருக்கு நான் இன்றும் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்தது 5ஆம் தேதி. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி கிடைக்கும். இது தெரிந்தேதான் 2016 ஏப்ரல் 4, திங்கட்கிழமை, ஒன்றரை லட்சத்துக்கான காசோலையைக் கிளையின் பெட்டியில் போட்டேன். கணக்கில் வரவானது 7ஆம் தேதி. காசோலை கொடுத்த நாள் செல்லாது, பணம் வரவான நாளே செல்லும் என்பதை அதன் பிறகே தெரிந்துகொண்டேன். அப்போதைய 8.1 சதவீத வட்டியில் அந்த ஒரு மாத இழப்பு 1,012 ரூபாய் 50 காசு. தொகை பெரிதல்ல என்று மனைவி சொன்னாள், பெரிதல்லதான். ஆனால் முழுத்தொகையும் மாதத்தில் 24 நாள் கணக்கில் கிடந்தும் அதற்கு ஒரு காசுகூட வட்டி இல்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அன்றிலிருந்து நெட் பேங்கிங்தான், அதுவும் 3ஆம் தேதிக்குள்.

கணக்கின் நல்ல குணத்தை நான் கண்ணால் கண்டது 2020 மார்ச்சில். 23ஆம் தேதி ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்தது. 2017 ஏப்ரலில், பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 9,200 அளவில் இருந்தபோது தொடங்கிய, அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் என் இண்டெக்ஸ் ஃபண்டின் மதிப்பு, அன்றிரவு பார்த்தபோது, நான் கட்டிய பணத்துக்கும் கீழே போயிருந்தது. எட்டு நாள் கழித்து, மார்ச் 31 அன்று, ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்திருந்த வேளையில், பிபிஎஃப் கணக்கில் ஓராண்டு வட்டி மொத்தமாக வரவானது. அந்த ஒரு வரவு அன்று எனக்குக் கொடுத்த தைரியத்தால்தான் ஃபண்டை விற்காமல் இருந்தேன். மறுநாளே வட்டியை 7.9இலிருந்து 7.1ஆகக் குறைத்தார்கள் என்பதையும், என் கணக்கு முதிரும் வரை அது ஏறவே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விற்காமல் விட்ட ஃபண்டோ, 2025 மார்ச் இறுதியில் நிஃப்டி 23,500ஐத் தொட்டபோது வேறு உயரத்தில் இருந்தது.

இனி நீட்டிப்பு. முதிர்ந்த பிறகும் தொடர்ந்து பணம் கட்ட வேண்டுமானால், ஓராண்டுக்குள் படிவம் 4 எழுதிக்கொடுத்து ஐந்தாண்டுக்கு நீட்டிக்க வேண்டும். கொடுக்காமல் கட்டிக்கொண்டே போனால் அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை. கட்டாமல் சும்மா விட்டால் பழைய இருப்புக்கு மட்டும் வட்டி வரும். ஆனால் ஓராண்டு அப்படிக் கழிந்துவிட்டால் அதன் பிறகு புதிதாகக் கட்டும் உரிமை போய்விடும். இவ்வளவு கனமான விதியைப் பற்றி வங்கியின் செயலி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதிர்ந்த மூன்றாம் நாள், 2025 ஏப்ரல் 3 அன்று, ஒன்றரை லட்சம் அனுப்பினேன்; வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது என்று பச்சை எழுத்தில் காட்டியது. மே மாதம் பாஸ்புக்கில் வரவு பதியப் போன இடத்தில், முதல் பக்கத்தில் முதிர்வுத் தேதி 01.04.2025 என்றே இருப்பதைப் பார்த்துக் கேட்டேன். தானாகவே நீண்டுவிடும், எந்தப் படிவமும் வேண்டாம் என்றார் மேசையில் இருந்த அலுவலர். இரண்டாம் முறை படிவத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனபோது, இதைப் பார்ப்பவர் விடுப்பில் இருந்தார். மூன்றாம் முறை கிளை மேலாளரிடமே போய், முத்திரையும் கையெழுத்தும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அலுவலரின் சொல்லை நம்பித் திரும்பியிருந்தால், ஐந்தாண்டுகளில் ஏழரை லட்சம் ரூபாய் வட்டியில்லாமல் கிடந்திருக்கும். எத்தனை ஓய்வூதியர்களுக்கு அப்படிக் கிடக்கிறதோ என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது.

கடனுக்காக நீதிமன்றத்தால்கூட ஜப்தி செய்ய முடியாத, அரசின் பொறுப்பில் உள்ள, முதிர்வுத் தொகைக்கு ஒரு ரூபாய் வரியும் இல்லாத கணக்கு இது. இத்தனையும் தெரிந்தே அக்கா மகனுக்குச் சொல்கிறேன்: உன் சேமிப்பை இதில் போடாதே. உன் சம்பளத்தில் ஏற்கெனவே பிஎஃப் என்னும் ஊழியர் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் பிடிக்கிறார்கள், நிறுவனமும் தன் பங்கைக் கட்டுகிறது. அதற்கு 2024-25இல் கிடைத்த வட்டி 8.25 சதவீதம். நீ இருக்கும் புதிய வரிமுறையில் பிபிஎஃப்பில் கட்டும் தொகைக்குக் கழிவும் இல்லை. 24 வயதில் இன்னும் 30 ஆண்டுக்குத் தொடத் தேவையில்லாத பணம் இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கட்டும். 2020 மார்ச் போல ஒரு மாதம் வந்தால், விற்பதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்.

கணக்கை மட்டும் தொடங்கி வை. ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டினால் அது உயிரோடு இருக்கும், உன் 15 ஆண்டும் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் வரும் மார்ச் 31க்குள் தொடங்கு. என் கிளையில் வேண்டாம், தபால் நிலையத்துக்குப் போ.