கராஜை அறையாக்குவதா, வளவில் புது அறை போடுவதா

மாமிக்கு முழங்கால் வருத்தம் கூடியபோது அவருக்கென்று ஓர் அறை தேவைப்பட்டது. எங்கள் வீடு கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கம். லான்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) நிற்கும் கராஜை அறையாக மாற்றலாம், அல்லது கிணற்றடிக்கு இப்பால் புதிதாக ஒன்றைக் கட்டலாம். நாங்கள் கராஜை மாற்றினோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கராஜின் நிலத்தை (தரையை) உயர்த்தாமல் மாற்றியிருந்தால் இப்படிச் சொல்லமாட்டேன்.

செலவைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மூன்று பக்கச் சுவரும் கூரையும் ஏற்கெனவே நிற்பதால் கராஜ்தான் மலிவு. எங்களுக்குப் புது அறைக்கு மேசன் சொன்ன தொகையில் பாதிக்குக் கொஞ்சம் கூட முடிந்தது.

நிலம்தான் விஷயம். வண்டி ஏறவேண்டும் என்பதால் கராஜின் நிலத்தை முற்றத்து மட்டத்தில், வாசல் பக்கம் சரிவாக வைப்பார்கள். எங்களுடையது வீட்டு நிலத்திலிருந்து 14 அங்குலம் கீழே. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த வெள்ளத்தின்போது முற்றத்தில் ஏறிய தண்ணீர் வீட்டுப் படியோடு நின்றுவிட்டது, கராஜுக்குள் கணுக்காலளவு நின்றது. வெள்ளமில்லாத மாரியிலும் அந்தச் சீமெந்து நிலம் வியர்த்துக்கொண்டே இருக்கும். லான்மாஸ்டர் நின்ற இடத்தில் ஒயில் ஊறிய கறுப்பு வட்டம் ஒன்று. முதல் மழைக்கு அதிலிருந்து டீசல் மணம் கிளம்பும். அதன்மேல் டைல் ஒட்டி, கட்டிலைப் போட்டு, ஒருவரைப் படுக்க வைக்க முடியுமா?

அதனால் வீட்டு மட்டத்துக்கே உயர்த்தினோம். 10 அடிக்கு 18 அடி இடம். இரண்டரைக் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கிரவல் போனது. கொட்டுமுன் வெளிச்சுவரின் உட்பக்கத்துக்கு நிரப்பு மட்டம்வரை சீமெந்து பூசி, காய்ந்தபின் தார் அடித்தோம். இதை விட்டால் நிரப்பிய மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். கிரவலை ஒரேயடியாகக் கொட்டாமல், 6 அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து, கறையான் மருந்து ஊற்றி, கறுப்புப் பொலித்தீன் விரித்து, அதன்மேல் 3 அங்குலக் கொங்கிறீற் போட்டோம். வன்னியில் கறையான் மருந்தை மறந்தவர் மரக்கதவை இரண்டு தரம் வாங்குவார்.

உயர்த்தியதில் வந்த பெரிய நன்மை இதுதான்: பொதுச்சுவரை உடைத்து ஹோலுக்கு ஒரு வாசல் விட்டபோது இடையில் படியே இல்லை. மாமி இரவில் சுவரைப் பிடித்தபடி நேராகக் குளியலறைக்குப் போகிறார். வளவில் அறை போட்டிருந்தால் மாரி இருட்டில், சேற்றில், பாம்பு பூச்சிக்குப் பயந்து நடக்கவேண்டும், அல்லது அதற்கென்று இன்னொரு குளியலறை கட்டவேண்டும்.

ரோலர் கதவைக் கழற்றிய இடத்தை அடைக்கும்போது மேசன் நிறுத்தினார். “அண்ணை, இந்த வாசலுக்குக் கீழ அத்திவாரம் இல்லை. சும்மா கல்லை அடுக்கினா ஒரு கோடைக்குள்ள வெடிச்சிடும்.” கிண்டிப் பார்த்தோம், உண்மைதான். அந்த 8 அடிக்கு மட்டும் அத்திவாரம் வெட்டி, 3 அடி உயரத்துக்குச் சுவர் வைத்து, மேலே முழுக்க யன்னல் போட்டோம். முருங்கன் பக்கத்துக் கருங்களி போல, கோடையில் வெடித்து மழையில் ஊதும் மண்ணென்றால் இந்த வேலையில் இன்னும் கவனம் வேண்டும்.

வெக்கையில் புது அறைதான் வெல்லும். அதற்கு உயரமாக ஓட்டுக்கூரை போடலாம். எங்கள் கராஜின் சாய்ப்புக்குச் சரிவு குறைவு, ஓடு போட்டால் ஒழுகும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை நாங்கள் துளைக்கவும் இல்லை, அரியவும் இல்லை. அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. கீழே காற்றுப் போக இடம்விட்டு சீலிங் அடித்தோம், தெற்கே சோளகக் (தென்மேல்) காற்றுக்கு ஒரு யன்னல் விட்டோம். மத்தியானத்தில் இப்போது படுக்கமுடிகிறது. ஒரு சித்திரையும் ஒரு மாரியும்தான் கண்டிருக்கிறோம், ஐந்து வருடம் கழித்து எப்படியிருக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன்.

இழப்பும் உண்டு. லான்மாஸ்டர் இப்போது கிடுகுக் கொட்டிலில் நிற்கிறது, கிடுகை அடிக்கடி மாற்றவேண்டும். காலபோக (மாரிமழைப் போக) நெல்லை விலை ஏறும்வரை அடுக்கிவைத்த இடமும் போய்விட்டது. நாங்கள் செய்வது இரண்டு ஏக்கர், சமாளிக்கிறோம். பத்து ஏக்கர் விதைப்பவர் கராஜில் கைவைக்கவேண்டாம், புது அறையே கட்டட்டும்.

மற்றவர்கள் மேசனைக் கூப்பிட முன் வீட்டு நிலத்திலிருந்து கராஜுக்குள் மட்டமாக நூல் பிடித்துப் பாருங்கள். எங்களுக்குக் கூரையின் பதிந்த பக்கம் நூலுக்கு மேல் 8 அடி 4 அங்குலம் மிஞ்சியது. 8 அடிக்குக் குறைந்தால் கராஜை வண்டிக்கே விட்டுவிடுங்கள்.