நான்காவது மணி நேரத்தில் எது நல்ல பைக்? புதுப்பிக்கப்பட்ட மூன்று ஸ்போர்ட் டூரர்கள்

டெஸ்ட் ரைடு 20 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 20 நிமிடத்தில் எந்தப் பெரிய பைக்கும் நல்ல பைக்தான். வேகமும் நீண்ட பயண வசதியும் சேர்ந்த ஸ்போர்ட் டூரரின் குணம் தெரிவது நான்காவது மணி நேரத்தில். கழுத்து இறுகத் தொடங்கியிருக்கும், வலது உள்ளங்கை மரத்திருக்கும், பெட்டிகள் இரண்டும் நிறைந்திருக்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்பை நகர்த்திக்கொண்டிருப்பார். அந்த நேரத்திலும் அடுத்த வளைவை ஆசையோடு எதிர்பார்க்க வைக்கிற பைக்தான் வாங்கத் தகுந்தது. பல வருடங்களாக நீண்ட பயணம் போகிறவன் என்ற முறையில், 2025 மாடலாகப் புதுப்பிக்கப்பட்டு வந்த மூன்று பைக்குகளை அந்த ஒரே அளவுகோலால் அளக்கப் போகிறேன்: காவசாகி நிஞ்ஜா 1100எஸ்எக்ஸ், யமஹா ட்ரேசர் 9 ஜிடி, ஹோண்டா என்டி1100.

மூன்றிலும் 17 அங்குலச் சக்கரங்கள், செயின் டிரைவ், 19 முதல் 20 லிட்டர் வரை பிடிக்கும் டேங்க். ஒற்றுமை ஏறக்குறைய அதோடு முடிகிறது. காவசாகி இன்ஜினுக்குள் கை வைத்தது. யமஹா இன்ஜினைத் தொடாமல் அதைச் சுற்றியிருந்ததையெல்லாம் மாற்றியது. ஹோண்டா இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்தது.

குறைந்த எண், கூடிய பலம்

நிஞ்ஜாவின் விவரத் தாளைப் பார்த்ததும் பலர் முகம் சுளித்தார்கள். இதற்கு முந்தைய மாடலான 1000எஸ்எக்ஸ், இன்ஜின் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும்போது 142 குதிரைத்திறன் தந்தது. புதிய 1100எஸ்எக்ஸ் 9,000 சுற்றில் 136 தருகிறது. இன்ஜின் 1,043 சிசியிலிருந்து 1,099 சிசியாக வளர்ந்த பிறகு சக்தி குறைவதா என்ற கேள்வி நியாயமானதுதான். பதில் இன்ஜினுக்குள் இருக்கிறது.

பிஸ்டனின் விட்டம் 77 மில்லிமீட்டர், அதில் மாற்றமில்லை. அது ஏறி இறங்கும் தூரம் மட்டும் 56 மில்லிமீட்டரிலிருந்து 59 ஆகியிருக்கிறது. காற்று உள்ளே வரும் வழியைக் குறுக்கியிருக்கிறார்கள், வால்வு திறக்கும் உயரத்தைக் குறைத்திருக்கிறார்கள், ஃப்ளைவீலின் எடையைக் கூட்டியிருக்கிறார்கள். குறுகிய வழியில் காற்று வேகமாகப் பாயும். அதனால் குறைந்த சுற்றிலும் சிலிண்டர் நன்றாக நிரம்பும். உச்சச் சுற்றில் அதே குறுகல் மூச்சை அடைக்கும். அங்கே இழந்ததுதான் அந்த 6 குதிரைத்திறன். கைமாறாகக் கிடைத்தது முறுக்குவிசை, அதாவது இழுக்கும் பலம்: முன்பு 8,000 சுற்றில் 111 நியூட்டன் மீட்டர், இப்போது 7,600 சுற்றில் 113. எண்ணில் இது சின்ன வித்தியாசம். ஆனால் உச்சத்துக்குக் கீழே இருக்கும் பரப்பில்தான் நாம் வாழ்கிறோம். பெட்டிகளும் துணையுமாக மலை ஏறும்போது முன்னால் ஒரு லாரி போகிறது, எதிரே கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. அப்போது கியரைக் குறைக்காமலே முந்த முடிகிறதா என்பதுதான் கேள்வி. 10,000 சுற்றில் என்ன கிடைக்கும் என்பது அந்த இடத்தில் யாருக்கும் வேண்டாம்.

ஐந்தாவது, ஆறாவது கியர்களையும் நீட்டியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றினால் போதும். கை மரத்துப்போகும் விஷயம் இங்கேதான் வருகிறது. வரிசையான நான்கு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே நகர்வதால் பெரிய குலுக்கல் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஆனால் இன்ஜின் சுற்றுவதைப்போல இரு மடங்கு வேகத்தில் ஒரு நுண்ணிய அதிர்வு நான்கிலிருந்தும் சேர்ந்து எழும். அதிர்வுக்கு எதிராகச் சுழலும் பேலன்சர் தண்டு அதைக் குறைக்கும், முற்றாகப் போக்காது. ஹேண்டில் வழியாக விரல் நுனிக்கு வரும் ஊறல் அதுதான். சுற்று குறையக் குறைய அந்த அதிர்வும் தணிகிறது. நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அந்த 6 குதிரைத்திறனை விட இது பெரிய லாபம்.

கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குயிக் ஷிஃப்டர் முன்பு 2,500 சுற்றுக்கு மேல்தான் வேலை செய்தது. இப்போது 1,500 சுற்றிலேயே செய்கிறது. ஊசி வளைவுக்கு முன் இரண்டு கியர் குறைக்கும்போது கிளட்சைத் தேட வேண்டியதில்லை.

நிஞ்ஜா விட்டுவைத்தவையும் உண்டு. விண்ட்ஸ்கிரீனை நான்கு நிலைகளில் கையால்தான் மாற்ற வேண்டும். எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் இல்லை, ரேடார் இல்லை. எஸ்இ ரகத்தில் ஓலின்ஸ் பின் ஷாக்கும் பிரெம்போ பிரேக்கும் வருகின்றன, அவை நல்ல சேர்க்கை. சஸ்பென்ஷன் விஷயத்தில் நான் காவசாகியின் பக்கம். பின்னால் ஆள் ஏறினால், பின் ஸ்பிரிங்கை இறுக்கப் பக்கவாட்டில் இருக்கும் குமிழைச் சில திருகு திருகினால் போதும். எவ்வளவு திருகினோம் என்பது நமக்குத் தெரியும், பைக்கின் நடத்தை மாறியதையும் உடனே உணரலாம். கம்ப்யூட்டர் எடுத்த முடிவை ஊகிக்க வேண்டியதில்லை.

காற்றும் வெளிச்சமும்

ட்ரேசரின் இன்ஜின் அதே மூன்று சிலிண்டர், 890 சிசி, 119 குதிரைத்திறன், 7,000 சுற்றில் 93 நியூட்டன் மீட்டர். அதை மாற்றாததில் எனக்குக் குறையில்லை. 120 பாகை இடைவெளியில் அமைந்த மூன்று பிஸ்டன்களின் விசைகள் தாமாகவே சமன்படுகின்றன. இடமும் வலமுமாக எழும் ஆட்டத்தை ஒரு பேலன்சர் தண்டு கவனித்துக்கொள்கிறது. குறைந்த சுற்றில் இழுக்கும், மேலே போனால் பாடும். இந்த வகைக்கு இதைவிடப் பொருத்தமான இன்ஜின் அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

மாற்றம் இருப்பது வெளியே. ஜிடியில் விண்ட்ஸ்கிரீன் மோட்டாரால் ஏறி இறங்குகிறது. ஆடம்பரம் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. காற்றுத் தடுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நேரான, காலியான சாலையில் இடது கையை விரித்து, மார்புக்கு முன்னாலிருந்து மெல்ல மேலே கொண்டுபோங்கள். ஓர் உயரம் வரை கை அமைதியாக இருக்கும். பிறகு விரல்கள் படபடக்கும். இன்னும் மேலே போனால் காற்று சீராகத் தள்ளும். அந்தப் படபடக்கும் பட்டை உங்கள் ஹெல்மெட்டின் மேல் விழுந்தால், நான்காவது மணி நேரத்தில் தலைவலி நிச்சயம். அது தோளில் விழலாம், உச்சந்தலைக்கு மேலே போகலாம், நெற்றியில் மட்டும் விழக்கூடாது. ஆளின் உயரத்துக்கும் உட்காரும் விதத்துக்கும் ஏற்ப அந்தப் பட்டை மாறும், மழையில் குனிந்தால் மீண்டும் மாறும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டனால் அதை நகர்த்த முடிவது கழுத்துக்குச் செய்யும் பெரிய உபகாரம். ஹோண்டாவும் இந்தத் திருத்தத்தில் ஸ்கிரீனை உட்கார்ந்தபடியே ஒரு கையால் ஐந்து நிலைகளில் மாற்றும்படி செய்திருக்கிறது. மோட்டார் இல்லை, ஆனால் வேலை நடக்கிறது.

ஹெட்லைட் இன்னும் முக்கியம். நான்காவது மணி நேரம் பெரும்பாலும் அந்தியில் முடிகிறது. ட்ரேசரின் புதிய மேட்ரிக்ஸ் எல்இடி விளக்கு பல துண்டுகளாகப் பிரிந்தது. முன்னால் இருக்கும் கேமரா எதிர் வாகனத்தைக் கண்டதும், அந்த வாகனம் இருக்கும் பகுதிக்கு வெளிச்சம் அனுப்பும் துண்டுகளை மட்டும் மங்கச் செய்கிறது. சாலையின் ஓரம், அங்கே நிற்கும் மாடு, வளைவின் விளிம்பு எல்லாம் வெளிச்சத்திலேயே இருக்கின்றன. ஹை பீமைத் தணித்துத் தணித்து இருட்டுக்குள் ஊகத்தில் ஓட்டிய எவருக்கும் இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. மூன்று பைக்குகளின் மாற்றங்களிலும் உயிரைக் காக்கக்கூடியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஜிடி பிளஸ் ரகத்தில் ரேடார் உண்டு. முன்னால் போகும் வண்டியோடு இடைவெளியைப் பேணும் க்ரூஸ் கண்ட்ரோல் வருகிறது, பின்பக்கக் குருட்டுப் பகுதியைப் பார்க்கும் இன்னொரு ரேடாரும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பிரேக்கோடு இணைந்த அமைப்பு தானாக பிரேக் போடாது. நாம் அழுத்தியது போதவில்லை என்று கணக்கிட்டால் மீதியைச் சேர்க்கும். பொறுப்பு நம் கையிலேயே இருப்பதால் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

கிளட்ச் பிடி இல்லாத வாழ்க்கை

ஜிடி பிளஸில் கிளட்ச் பிடியும் இல்லை, கால் கியரும் இல்லை. ஒய்-ஏஎம்டி என்ற அமைப்பு, சாதாரண கியர்பாக்ஸின் மேல் இரண்டு மோட்டார்களை வைத்து ஒன்றைக் கிளட்சுக்கும் மற்றொன்றைக் கியருக்கும் விடுகிறது. கூடும் எடை 3 கிலோவுக்கும் குறைவு. ஹோண்டாவின் டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், வேறு வகை. 2010இல் விஎஃப்ஆர்1200எஃப் பைக்கில் அறிமுகமாகி இத்தனை வருடம் பக்குவப்பட்டது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. அடுத்த கியர் தயாராகக் காத்திருப்பதால், ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடித்துக்கொள்கிறது, இழுவை அறுவதில்லை. எடை 10 கிலோ கூடுகிறது. பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் நம் ஹெல்மெட்டில் முட்டாமல் நாள் முழுக்கப் போக வேண்டுமானால் டிசிடிக்கு இணை இல்லை. வளைவுச் சாலையில் விரலால் கியரைத் தட்டித் தட்டி ஓட்டும் ஆசை உள்ளவருக்கு யமஹாவின் அமைப்பு நெருக்கமாக இருக்கும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கத்தை வாங்கும் முன்பே கற்றுக்கொள்வது நல்லது. குறுகிய சாலையில் வண்டியைத் திருப்பும்போது, கிளட்சைப் பாதி பிடித்து வேகத்தை அடக்க இடது கைக்கு வழியில்லை. பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடிக்க வேண்டும். முதல் வாரம் கால் தடுமாறும். காலியான மைதானத்தில் அரை மணி நேரம் எட்டுப் போட்டுப் பழகினால் தடுமாற்றம் போய்விடும்.

ஹோண்டாவின் ஸ்போர்ட் எங்கே?

என்டி1100இன் 1,084 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின் 102 குதிரைத்திறன் தருகிறது, அதில் மாற்றமில்லை. முறுக்குவிசை 104இலிருந்து 112 நியூட்டன் மீட்டருக்கு உயர்ந்து, 5,500 சுற்றிலேயே உச்சம் தொடுகிறது. நிஞ்ஜா 7,600இல் தருவதற்கு ஏறக்குறைய சமமானதை இது 2,000 சுற்றுக் கீழேயே கொடுத்துவிடுகிறது. 270 பாகை கிராங்க் என்பதால் கைக்கு வருவது ஊறல் அல்ல, ஒரு நிதானமான துடிப்பு. அது களைப்பைத் தருவதில்லை. சீட் 820 மில்லிமீட்டர் உயரம், மூன்றில் இதுவே தாழ்வு. ட்ரேசரில் 845க்குக் குறையாது. கால் எட்டாதவர்களுக்கு இந்த ஒரு எண்ணே முடிவைச் சொல்லிவிடும். புதிய ரகம் ஒன்றில் ஷோவாவின் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷனும் கிடைக்கிறது.

டிசிடியோடு எடை 250 கிலோவை நெருங்குகிறது. இதில் டூரிங் நிறைய, ஸ்போர்ட் குறைவு. வளைவில் சாய்க்கத் தயங்காது, ஆனால் சாயச் சொல்லி நம்மைத் தூண்டாது. இருவராகப் பயணம் போகிறவர்களுக்கு முதல் இடம் இதற்குத்தான் கொடுப்பேன். தனியாக, விடியற்காலையில் மலைச் சாலையைத் தேடிப் போகிறவருக்குக் கொடுக்க மாட்டேன்.

செயின் முன் மண்டியிடும் நேரம்

மழை நாளின் முடிவில் மூன்று பைக்குக்கும் ஒரே வேலை காத்திருக்கிறது: செயினுக்கு எண்ணெய். ஹோண்டாவிலும் ட்ரேசர் ஜிடியிலும் சென்டர் ஸ்டாண்டு உண்டு. பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். நிஞ்ஜா சென்டர் ஸ்டாண்டு இல்லாமல் வருகிறது. செயினின் எட்டும் பகுதிக்கு அடித்து, எழுந்து, வண்டியை ஒரு முழம் தள்ளி, மறுபடி மண்டியிட்டு அடுத்த பகுதிக்கு அடிக்க வேண்டும். பெட்டிகள் ஏற்றிய வண்டியை ஈரத் தரையில் தள்ளும்போது பூட்ஸ் வழுக்கும். பத்து நாள் பயணத்தில் இது பல முறை நடக்கும். இந்த வேலையே வேண்டாம் என்றால், செயினுக்குப் பதிலாகத் தண்டால் சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட் டிரைவ் கொண்ட பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஆர்எஸ் இருக்கிறது. 145 குதிரைத்திறன், 149 நியூட்டன் மீட்டர். ஆனால் அது வேறு வகை பட்ஜெட், தனியாகப் பேச வேண்டிய பைக்.

பழைய 1000எஸ்எக்ஸ் வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டாம். நெடுஞ்சாலையே உங்கள் பெரும்பங்கு என்றால் மட்டும் புதியதின் நீண்ட கியர்கள் பணத்துக்கு நியாயம் செய்யும். முந்தைய ட்ரேசர் வைத்திருப்பவர் இரவில் எவ்வளவு ஓட்டுகிறார் என்று யோசித்துப் பார்க்கட்டும். அதிகம் ஓட்டுகிறவர் என்றால் விளக்குக்காகவே மாறலாம்.

எனக்கு நானே வாங்குவதாக இருந்தால், பிளஸ் இல்லாத ட்ரேசர் 9 ஜிடி, கிளட்ச் பிடியோடு. மோட்டார் ஸ்கிரீன், மேட்ரிக்ஸ் விளக்கு, தானாகச் சரிசெய்துகொள்ளும் சஸ்பென்ஷன், சென்டர் ஸ்டாண்டு எல்லாம் அதிலேயே கிடைக்கின்றன. சஸ்பென்ஷனில் மட்டும் நிஞ்ஜாவின் குமிழை நினைத்துக்கொள்வேன். ரேடாரை விடுவதிலும் எனக்கு வருத்தம் உண்டு, குறிப்பாகப் பின்பக்கத்தைப் பார்க்கும் ரேடாரை. ஆனால் ஊசி வளைவில் அந்தக் கிளட்சை இரண்டு விரலால் பாதி பிடித்து, பைக்கை என் வேகத்துக்குக் கொண்டுவரும் அந்த நொடியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.