பயிற்சியைப் பார்க்க ஆளில்லாத பிசியோதெரபி

அலுவலக நண்பர் ஒருவருக்கு இடுப்பிலிருந்து கால் வரை வலி. மூன்றாண்டுகளாக அதே வலியோடு வாழ்கிற என்னிடம், "பிசியோதெரபிக்குப் போகலாமா சார்?" என்று நேற்று கேட்டார். "போகாதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். நேற்றுக் காலைதான், நான் முதலில் போன நிலையத்தின் வாசலில், பத்து நாள் சிகிச்சைக்குப் பாதிக் கட்டணம் என்ற பலகையைப் பார்த்திருந்தேன். அந்தக் கோபம் வாயில் வந்துவிட்டது.

அங்கே பத்து நாளும் நடந்தது இதுதான்: முதலில் வெந்நீர் ஒத்தடப் பை, பிறகு வலிக்கும் இடத்தில் ஒலி அலையைச் செலுத்தும் அல்ட்ராசவுண்ட், பிறகு லேசான மின்சாரம் பாய்ச்சும் கரண்ட், கடைசியாக இடுப்பில் பட்டை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன். படுத்திருக்கும்வரை சுகமாகவே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எந்திரங்களைக் கவனித்த பெண்ணும் பொறுமையானவர்தான். ஆனால் வண்டியில் வீடு திரும்பும்போது இரண்டாவது வேகத்தடையைத் தாண்டுவதற்குள் கெண்டைக்காலில் அதே இழுப்பு வந்துவிடும். பத்தாம் நாள், பயிற்சிப் படங்கள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பயிற்சியையாவது செய்யச் சொல்லி அருகில் நின்று பார்த்தவர் எவருமில்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு முறைப்படியான உடற்பயிற்சியைப் பரிந்துரைத்து, டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலைப் பின்னாளில் படித்தபோது, போன பணத்தைவிட வீணான நாட்களை எண்ணித்தான் மனம் கொதித்தது.

அரசு மருத்துவமனையில் நான் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா எந்திரத்தின் பக்கமே போகவில்லை. கீழ்முதுகின் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் ஜவ்வு பிதுங்கியிருப்பதைக் காட்டும் ஸ்கேனை நீட்டினேன். வலியே இல்லாதவர்களுக்கும் இப்படித் தெரிவதுண்டு என்று சொல்லி உறையில் போட்டுவிட்டார். குப்புறப் படுத்து, இடுப்பை எடுக்காமல் கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தச் சொன்னார். பத்து முறைக்கொரு தரம், "இப்ப வலி எங்கே இருக்கு?" என்று கேட்டார். கெண்டைக்காலில் இருந்தது தொடைக்கு வந்தது. நான்காம் சுற்றில் புட்டத்தோடு நின்றது. "மேலே ஏறினா பயப்படாதீங்க, கீழே இறங்கினா நிறுத்திடுங்க" என்றார். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில், பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சியிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தற்செயலாகக் குப்புறப் படுத்துக் கால்வலி நீங்கி எழுந்ததிலிருந்து வளர்ந்த முறை இது. எல்லா முதுகுக்கும் இது பொருந்தாது. ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதன்பின் தினமும் அரைமணி நேரம் பயிற்சியும் நடையும். அந்த நாட்களில் எனக்குத் தும்மல்தான் பெரிய பயம். வருகிறது என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வேன். மூன்றாம் மாதம் ஒருநாள், மனைவி மிளகாய் தாளித்த நெடியில் அடுத்தடுத்து நான்கு தும்மல் வந்தது. கை சுவருக்குப் போகவில்லை என்பதை நான்காவது தும்மலுக்குப் பிறகே கவனித்தேன். இருவரும் அடுப்பை மறந்து நின்றோம்.

பிறகும் மூன்று முறை வலி திரும்பியது. மூன்று முறையும் பயிற்சியை விட்ட மாதங்களில்தான்.

நேற்றிரவே நண்பரை அழைத்து, போங்கள் என்று மாற்றிச் சொன்னேன். பணம் கட்டுமுன், பயிற்சி செய்யும்போது அருகில் யார் நிற்பார்கள் என்று கேட்கச் சொன்னேன். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, காலில் பலம் குறைந்தாலோ பயிற்சியை நினைக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும் என்றும் சொன்னேன். அந்தப் பலகை தொங்கும் வாசலுக்குப் போகாதீர்கள் என்பதை மட்டும் நான் திரும்பப் பெறவில்லை.